நம் தலைக்கு மேலே ஒரு கோடு



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், தொலைவில் இருக்கும் இரண்டு நகரங்களுக்கு இடையிலான வான்வழித் தூரமும் பயண நேரமும். ஒரு நகரம் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இருக்கும் பெர்த். இன்னொன்று லண்டன். இரண்டுக்கும் இடையே சுமார் 14,500 கிலோமீட்டர். இன்று ஒரே விமானத்தில் ஏறி உட்கார்ந்தால், நடுவில் எங்கும் இறங்காமல் சுமார் 17 மணி நேரத்தில் போய்ச் சேரலாம்.

முடிந்தது பேச்சு! தூரம் சொல்லியாயிற்று, நேரம் சொல்லியாயிற்று, வீட்டுக்குப் போகலாம் என்று நீங்கள் நினைக்கலாம். அதோடு இன்னொரு கேள்வியும் உங்கள் மனத்தில் எழும். பெர்த் எங்கே, லண்டன் எங்கே, திண்டுக்கல் எங்கே? பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர்போன இந்த ஊரில் வந்து நின்றுகொண்டு, யாரோ எங்கிருந்தோ எங்கேயோ போகிற கதையை ஏன் சொல்ல வேண்டும்?

காரணம் இருக்கிறது. அதைக் காட்டத்தான் மேசைமேல் இந்த உலக உருண்டையையும் நூற்கண்டையும் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

முதலில் சுவரில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தைப் பாருங்கள். அதில் பெர்த்துக்கும் லண்டனுக்கும் நடுவே ஒரு அடிக்குச்சியை வைத்துக் கோடு போடுங்கள். கோடு எப்படிப் போகும்? இந்துமாக்கடலில் ஏறி, மாலத்தீவைத் தொட்டுக்கொண்டு, அரபிக்கடலைத் தாண்டி, சவூதி அரேபியப் பாலைவனத்தின் மேலே போய் ஐரோப்பாவுக்குள் நுழையும். இந்தியாவின் பக்கமே வராது. நமக்கும் அந்தக் கோட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இப்போது இந்த நூலை எடுத்து உருண்டையின் மேல் வைக்கிறேன். ஒரு முனை பெர்த்தில், மறுமுனை லண்டனில். தொய்வு இல்லாமல் இழுத்துப் பிடிக்கிறேன். முன்வரிசையில் இருக்கும் அந்தப் பெண் குழந்தை எழுந்து வந்து, நூல் எங்கே போகிறது என்று சொல்லட்டும்.

பார்த்தீர்களா? நூல் இலங்கையின் மேல் படுகிறது. அதைத் தாண்டித் தமிழ்நாட்டின் மேல் படுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் துல்லியமாகச் சொல்லலாம். ஹம்பாந்தோட்டைப் பக்கம் இலங்கைக்குள் நுழையும் கோடு, புத்தளத்தை ஒட்டி வெளியேறுகிறது. மன்னார் வளைகுடாவைக் கடக்கிறது. ஏறத்தாழக் கீழக்கரையில் கரையேறுகிறது. மானாமதுரைப் பக்கமாக வருகிறது. பிறகு எங்கே வருகிறது? திண்டுக்கல்லை ஒட்டி, ஐயா! திண்டுக்கல்லை ஒட்டி வருகிறது! அப்படியே தாராபுரம், நீலகிரி, சிக்கமகளூர் என்று போய்க் கார்வார் அருகே அரபிக்கடலில் இறங்குகிறது. பெர்த்திலிருந்து லண்டனுக்குப் போகிற மிகக் குறுகிய வழி, இந்த மண்டபத்திலிருந்து ஒரு டவுன் பஸ் ஓடுகிற தூரத்துக்குள் நம் வானத்தின் மேலே இருக்கிறது.

தட்டை வரைபடம் பொய் சொல்கிறதா என்றால், பொய் சொல்லவில்லை. உருண்டையைத் தாளில் விரித்தால் எங்காவது இழுபட்டே தீரும். அடிக்குச்சி போட்ட கோடு தாளில்தான் நேர். பூமியில் அது சுற்றுவழி. விமானி வழி குறிக்கத் தொடங்குவது இந்த நூலை வைத்துத்தான். தொடங்குவது என்றுதான் சொல்கிறேன், முடிப்பது என்று சொல்லவில்லை. நூல் காட்டும் தூரத்தைப் பூமி தீர்மானிக்கிறது. அதைக் கடக்க எத்தனை நேரம் என்பதைப் பூமி மட்டும் தீர்மானிப்பதில்லை. அதில் எண்ணெய்க்குப் பங்கு உண்டு, காற்றுக்குப் பங்கு உண்டு, அரசாங்கங்களுக்குப் பங்கு உண்டு, போருக்குப் பங்கு உண்டு. இதுதான் நான் இன்று சொல்ல வந்த செய்தி.

பழைய காலத்திலிருந்து வருவோம்.

1829-ஆம் ஆண்டு. பார்மீலியா என்ற பாய்மரக் கப்பல் பிரிட்டனிலிருந்து முதல் குடியேறிகளை ஏற்றிக்கொண்டு பெர்த் கரைக்கு வந்தது. எத்தனை நாள்? ஏறக்குறைய நான்கு மாதம். கோதுமை விதைத்து அறுவடை பார்த்துவிடுகிற காலம். அந்த ஊரில் ஒருவர் லண்டனில் இருக்கும் தாய்க்குக் கடிதம் எழுதினால், பதில் கைக்கு வர முக்கால் வருடத்துக்குக் குறையாது. அதற்குள் அந்தத் தாய் உயிரோடு இருப்பாளா என்பதே நிச்சயம் இல்லை.

பிறகு நீராவிக் கப்பல் வந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நான்கு மாதம் சுமார் ஒரு மாதமாகச் சுருங்கியது. அந்தத் தபால் கப்பல்கள் நடுவில் எங்கே நின்றன? கொழும்பில் நின்றன. அங்கே கரி ஏற்றினார்கள், தண்ணீர் ஏற்றினார்கள், பயணிகள் இறங்கிக் காலாற நடந்துவிட்டு ஏறினார்கள்.

கப்பலுக்குப் பிறகு கம்பி வந்தது. 1872-இல் ஆஸ்திரேலியாவின் தெற்குக் கரையிலிருந்து பாலைவனத்தின் நடுவே டார்வின் வரை தந்திக்கம்பி இழுத்து முடித்தார்கள். டார்வினிலிருந்து கடலுக்கடியில் ஜாவாவுக்கு வடம். அங்கிருந்து சிங்கப்பூர், பினாங்கு. பினாங்கிலிருந்து அந்த வடம் எந்த ஊரில் கரையேறியது தெரியுமா? நம் சென்னையில்! அன்றைய மதராஸில் கரையேறி, தரைவழியாகப் பம்பாய் போய், மீண்டும் கடலுக்குள் இறங்கி ஏடன், சூயஸ் வழியாக லண்டன் போனது. 1877-இல் பெர்த்துக்கும் அந்தக் கம்பி இணைப்பு வந்துசேர்ந்தது. ஒரு மாதம் ஆன சேதி, ஒரு நாளைக்குள் போகத் தொடங்கியது. பெர்த் வணிகர் ஒருவர் கம்பளி விலை கேட்டு லண்டனுக்கு அனுப்பிய சேதி சென்னை வழியாகப் போயிருக்கும். இதை நம் பாடப்புத்தகம் எதிலும் நான் படித்ததில்லை. சேர்க்க வேண்டியது என்பது என் கருத்து.

கப்பல் நம் பக்கம் நின்றது. கம்பி நம் பக்கம் கரையேறியது. விமானம் என்ன செய்தது?

விமானம் முதலில் நம்மை விட்டு வடக்கே போனது. 1935-இல் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலிருக்கும் பிரிஸ்பேனிலிருந்து லண்டன் வரை விமானச் சேவை தொடங்கியபோது, பயணம் பன்னிரண்டரை நாள். சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி என்று தத்தித் தத்திப் போகும். பெர்த் அந்த வழியில் இல்லவே இல்லை. பன்னிரண்டரை நாளும் வானிலேயே பறக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பகலில் பறந்து, எண்ணெய் ஊற்றி, இரவில் விடுதியில் தூங்கி, விடிந்ததும் மறுபடி கிளம்பி... இப்படித்தான். இது ஓடிக்கொண்டிருந்தபோது போர் வந்தது.

1942 பிப்ரவரி 15. சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் லண்டனுக்கும் நடுவே இருந்த பாலம் அறுந்துபோனது. ஊர்கள் நகர்ந்துவிட்டனவா? இல்லை. கிலோமீட்டர் கூடிவிட்டதா? இல்லை. ஆனால் வழி போய்விட்டது. வழி போனால் தூரம் என்ன பிரயோசனம்?

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அறுந்த பாலத்துக்குப் பதிலாக ஒரு புதிய வழித்தடம் போட்டார்கள்; என்னைக் கேட்டால், வான்பயண வரலாற்றில் அதைவிடத் துணிச்சலான வழித்தடம் வேறு இல்லை. அதன் ஒரு முனை பெர்த்தில் ஸ்வான் ஆறு. மறுமுனை இலங்கையில், காலிக்குப் பக்கத்தில் இருக்கும் கொக்கலை ஏரி.

ஆற்றுக்கும் ஏரிக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்? இந்தத் தடத்தில் பறந்தவை கேட்டலினா என்ற ரகத்து விமானங்கள் ஐந்து. நீரில் இறங்கும், நீரிலிருந்தே எழும்பும். இரண்டு என்ஜின். வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர்; இன்றைய நம் ரயில்களைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். பெர்த்துக்கும் கொக்கலைக்கும் இடையே 5,600 கிலோமீட்டருக்கு மேல் வெறும் கடல். நடுவில் எங்கும் இறங்காமல் கடக்க வேண்டும். பக்கவாட்டில் ஜப்பானியப் போர் விமானங்கள்.

எப்படிப் பறப்பது? முதலில் எடையைக் குறைத்தார்கள். தவிர்க்கக்கூடியது எதுவானாலும் கழற்றி வீசினார்கள். அந்த இடத்தில் எண்ணெய்த் தொட்டிகளை வைத்தார்கள். சுமார் 9,000 லிட்டர் எண்ணெய். அவ்வளவையும் ஏற்றிவிட்டு மிச்சம் என்ன இடம் இருந்தது? மூன்று பயணிகள். 69 கிலோ தபால். அவ்வளவுதான்! ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் இடையிலான மொத்த வான்தொடர்பும் மூன்று மனிதர்கள், 69 கிலோ தபால். கிளம்பிய முதல் பல மணி நேரத்துக்கு விமானத்தின் எடை எப்படி என்றால், ஒரு என்ஜின் நின்றுபோனால் மற்றொன்றால் தாங்க முடியாது.

அடுத்தது வழி. வானொலியைத் திறந்து பேசினால் எதிரிக்குக் காதில் விழும். ஆகவே வானொலி மௌனம். ஜப்பானியர் சுற்றித்திரியும் பகுதியை இருட்டில் கடக்கும்படி நேரம் குறித்துக் கிளம்புவார்கள். இருட்டில் வழி எப்படித் தெரியும்? நட்சத்திரத்தைப் பார்த்துத்தான். அந்த ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்களையே வைத்தார்கள். அவற்றில் ஒன்று ஸ்பைகா. நம் பஞ்சாங்கத்தில் சித்திரை நட்சத்திரம் என்று இருக்கிறதே, அதுதான் ஸ்பைகா. இன்னொன்று அன்டாரஸ். அது நம் கேட்டை. சித்திரையும் கேட்டையும் பெர்த்துக்கும் இலங்கைக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்தன!

பயணம் எத்தனை நேரம்? 27 மணி முதல் 33 மணி வரை. எதிர்க்காற்றில் ஒருமுறை 32 மணி 9 நிமிடம் இடைவிடாமல் பறந்ததாகப் பதிவு இருக்கிறது. அந்த மூன்று பயணிகளும் ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரிய உதயம் பார்த்தார்கள். அதனால் அந்தச் சேவைக்கே இரட்டைச் சூரியோதயம் என்று பெயர் வந்தது. போய்ச் சேர்ந்தவர்களுக்கு, இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கத்தில் உறுப்பினர் என்று ஒரு சான்றிதழ் வேறு கொடுத்தார்கள். சாவை மடியில் கட்டிக்கொண்டு பறந்தவர்களுக்கும் வேடிக்கை குறையவில்லை பாருங்கள்.

1943 நடுவிலிருந்து 1945 ஜூலை வரை 271 முறை அந்தக் கடலைக் கடந்தார்கள். ஒரு விமானம்கூட விழவில்லை. ஒரு உயிர்கூடப் போகவில்லை. கொக்கலையிலிருந்து கராச்சி வழியாக லண்டன் வரை தபால் போய்ச் சேர்ந்தது.

இந்தப் பெருமைக்குக் கொக்கலை என்ன விலை கொடுத்தது என்பதையும் சொல்லாமல் போகக்கூடாது. ஏரியைச் சுற்றி விமானத் தளம் கட்டுவதற்காக அந்தக் கிராமத்து மக்களை வெளியேற்றினார்கள். சிங்கள இலக்கியத்தின் பெரிய எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. அவருடைய பூர்வீக வீடு மட்டும் இடிபடாமல் தப்பியது. இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. இரண்டு பெருநகரங்களை இணைக்க, நடுவில் ஒரு சிற்றூர் இடம்பெயர்ந்தது. விமானப் பயணத்தின் வரலாறு எழுதுகிறவர்கள் என்ஜினைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். இந்த ஒரு வரியை எழுத அவர்களுக்குக் கை வராது.

இன்னொன்று பாருங்கள். நான் சற்று முன் நூல் பிடித்துக் காட்டினேனே, அந்தக் கோட்டிலிருந்து கொக்கலை சுமார் நூறு கிலோமீட்டர்தான் தள்ளி இருக்கிறது. போர்க்கால அவசரத்தில், வேறு வழியில்லாமல் தேர்ந்தெடுத்த இடம், பெர்த் – லண்டன் நேர்வழிக்கு அவ்வளவு பக்கத்தில் வந்து விழுந்திருக்கிறது.

போர் முடிந்ததும் அந்த ஐந்து விமானங்களும் என்ன ஆயின? அமெரிக்கா போருக்காகக் கொடுத்த விமானங்கள் அவை. ஒப்பந்தப்படி, கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். வைத்துப் பார்க்க ஒன்றுகூட மிஞ்சவில்லை.

1947 டிசம்பர் 1. குவாண்டாஸ் என்ற ஆஸ்திரேலிய விமான நிறுவனத்தின் கான்ஸ்டலேஷன் விமானம் சிட்னியிலிருந்து கிளம்பி, டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்று தங்கித் தங்கி நான்கு நாளில் லண்டன் சேர்ந்தது. பயணிகள் 29 பேர், பணியாளர் 11 பேர். போய்வரக் கட்டணம் 525 பவுண்டு. அன்றைக்குச் சாதாரண மனிதர் நினைத்தும் பார்க்க முடியாத தொகை. பிறகு ஜெட் வந்தது, ஜம்போ வந்தது. நாள் கணக்கு மணிக் கணக்காயிற்று. ஆனால் நடுவில் எங்காவது ஒரு முறை இறங்குவது மட்டும் மாறவில்லை.

அது மாறியது 2018 மார்ச்சில். மார்ச் 24 மாலை பெர்த்தில் கிளம்பிய குவாண்டாஸின் போயிங் 787 ரகத்து விமானம், மறுநாள் விடியும் முன் லண்டனில் இறங்கியது. ஆஸ்திரேலியாவையும் ஐரோப்பாவையும் இடைநிற்காமல் இணைத்த முதல் பயணிகள் சேவை அது.

ஏன் இவ்வளவு தாமதம்? விமானம் கண்டுபிடித்து நூறாண்டு ஆகிவிட்டதே, பெரிய தொட்டி வைத்து நிறைய எண்ணெய் ஊற்றினால் போகாதா?

மாணவர்களே, இதற்கு உங்களுக்குத் தெரிந்த ஒரு காட்சியையே சொல்கிறேன். தைப்பூசத்துக்கு இந்த ஊர் வழியாகப் பழனிக்கு எத்தனை ஆயிரம் பேர் நடந்து போகிறார்கள்! வழியெல்லாம் அன்னதானம் உண்டு. அதனால் கையை வீசிக்கொண்டு நடக்கிறார்கள். அன்னதானமே இல்லை, பத்து நாளைக்கான அரிசியையும் நீயே சுமந்து வா என்று சொன்னால் என்ன ஆகும்? சுமக்கச் சுமக்கப் பசி கூடும். பசி கூடினால் இன்னும் அரிசி வேண்டும். இன்னும் அரிசி என்றால் இன்னும் சுமை. விமானத்தின் கதையும் அதுவேதான். கடைசி ஒரு மணி நேரத்துக்கு வேண்டிய எண்ணெயை, அதற்கு முந்தைய பதினாறு மணி நேரமும் சுமந்து பறக்க வேண்டும். அதைச் சுமப்பதற்கே எண்ணெய் எரியும்.

இந்த 787-9 ரக விமானம் கிளம்பும்போது தாங்கக்கூடிய உச்ச எடை சுமார் 254 டன். தொட்டியை முழுக்க நிரப்பினால் எண்ணெய் மட்டும் சுமார் 100 டன். மொத்த எடையில் ஐந்தில் இரண்டு பங்கு! உடம்பை இலேசான கார்பன் இழைக் கலவையில் செய்து, என்ஜினின் தீனியைக் குறைத்த பிறகுதான் இது சாத்தியமாயிற்று. அப்படியும் ஆள் கணக்கைக் குறைத்தார்கள். ஏறத்தாழ 290 பேர் உட்காரக்கூடிய விமானத்தில் 236 இருக்கைதான் போட்டார்கள். கேட்டலினாவில் மூன்று பேர், இதில் 236 பேர். எண்ணிக்கை மாறியது, ஆளைக் குறைத்து எண்ணெயைக் கூட்டும் கணக்கு மாறவில்லை.

இப்போது ஒரு வேடிக்கை. அந்தப் பயணி மாலை ஏழு மணி சுமாருக்குப் பெர்த்தில் கிளம்புகிறார். சூரியன் மறைந்துவிட்டது. விமானம் மேற்கே போகிறது. இரவும் மேற்கேதான் போகிறது. இரவோடு கூடவே ஓடுகிறது விமானம். லண்டனில் இறங்கும்போது மணி ஐந்து. அங்கேயும் இன்னும் விடியவில்லை. ஆக, பதினேழு மணி நேரம் நீண்ட ஒரே இரவு! 1943-இல் போனவர் ஒரு பயணத்தில் இரண்டு உதயம் பார்த்தார். 2018-இல் போனவர் ஒரு உதயம்கூடப் பார்க்கவில்லை. ஜன்னல் ஓரத்து இருக்கைக்காகச் சண்டை போட்டு வாங்கியவர் பாடுதான் பரிதாபம்.

எண்ணெயைப் பேசியாயிற்று. காற்றைப் பேசுவோம்.

போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம். விமானப் பயணம் செய்தவர்கள் கவனித்திருப்பீர்கள். பெர்த்திலிருந்து லண்டனுக்கு 17 மணிக்கு மேல். லண்டனிலிருந்து பெர்த்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் குறைவு. அதே ஊர், அதே விமானம், அதே தூரம். ஏன்? மேலே, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிற காற்றாறு ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். கிழக்கே போகிறவருக்கு அது துணை. மேற்கே போகிறவருக்கு அது பகை. இருநூறு கிலோமீட்டர் கூடச் சுற்றினாலும் பரவாயில்லை, அந்தக் காற்றைத் தவிர்ப்போம் என்று விமானி முடிவு செய்வதும் உண்டு. அப்படிச் சுற்றிப் போனதில் நேரம் மிச்சம். நூல் காட்டும் வழி குறுகிய வழி. அது எல்லா நாளும் வேகமான வழி ஆகாது. ஆகவே, வெளியே போய் அண்ணாந்து பார்த்து, எங்கே அந்த லண்டன் விமானம் என்று நாளைக்கு என்னைக் கேட்காதீர்கள். அது இன்று நம் மேலே போகலாம், நாளை பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் போகலாம்.

இந்தக் காற்றாற்றை 1920-களிலேயே பலூன் விட்டு அளந்தவர் வசபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய அறிஞர். உலகம் முழுக்கப் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, தன் அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற உலகப் பொதுமொழியில் வெளியிட்டார். உலகப் பொதுமொழி என்று அதற்குப் பெயரே தவிர, உலகத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானிகள் ஜப்பானுக்கு மேலே அந்தக் காற்றில் நேரடியாக மாட்டிக்கொண்டு திணறும் வரை, ஓயிஷியின் அறிக்கையை யாரும் சீந்தவில்லை.

எண்ணெய் ஆயிற்று, காற்று ஆயிற்று. மிச்சம் இருப்பது மனிதன். மூன்றில் முரட்டுப் பிடிவாதக்காரன் அவன்தான்.

நூலை மறுபடி பிடிக்கிறேன். கார்வாரில் கடலில் இறங்கிய கோடு அப்புறம் எங்கே போகிறது? பாகிஸ்தான் கரை, ஈரான், காஸ்பியன் கடலின் தென்கரை, காகசஸ் மலைநாடுகள், கருங்கடல். அதைத் தாண்டினால் ஒடெசாவை ஒட்டி உக்ரைன். பிறகு நடு ஐரோப்பா, ஜெர்மனி, பெல்ஜியம், லண்டன். இந்தப் பெயர்களைக் கேட்கும்போதே உங்களுக்குச் செய்தித்தாளின் முதல் பக்கம் ஞாபகம் வரவில்லையா? 2014 ஜூலை 17-இல் கிழக்கு உக்ரைனுக்கு மேலே மலேசிய விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டார்கள். 2022 பிப்ரவரியில் போர் மூண்டதும் உக்ரைன் வானம் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. நம்முடைய அண்டை நாட்டு வானமும் நமக்கு எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பது நமக்குத் தெரியாத கதையா? 2019-இல் பல மாதங்கள், மறுபடி 2025-இல், பாகிஸ்தான் வான்வழி நம் விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து லண்டன் போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். டெல்லி நகரவில்லை, லண்டன் நகரவில்லை, நேரம் மட்டும் கூடியது.

பெர்த் – லண்டன் விமானத்துக்கும் இதே கதி நேர்ந்தது. 2024 ஆகஸ்டில் மேற்காசியாவில் பதற்றம் முற்றியது. ஈரான் வானத்தைத் தவிர்க்க முடிவு செய்தார்கள். சுற்றிப் போனால் எண்ணெய் போதாது. என்ன செய்தார்கள்? இடைநிற்காத சேவை என்று உலகமெல்லாம் விளம்பரம் செய்த அதே விமானத்தைச் சிங்கப்பூரில் இறக்கி எண்ணெய் ஊற்றி அனுப்பினார்கள். ஆனால் லண்டனிலிருந்து பெர்த்துக்குத் திரும்புகிற விமானம்? அது எங்கும் நிற்கவில்லை! பின்னாலிருந்து காற்று தள்ளியதால், சுற்றி வந்தும் எண்ணெய் போதுமாக இருந்தது. அரசியல் ஒரு பக்கம் இழுக்கிறது, காற்று ஒரு பக்கம் தள்ளுகிறது, எண்ணெய் நடுவில் நின்று கணக்குப் பார்க்கிறது. நான் இவ்வளவு நேரம் பேசியது எல்லாம் அந்த ஒரு மாதத்தில் ஒரே விமானத்தில் நடந்துகாட்டியது.

அதற்கு முன் ஒரு கிருமியும் தன் பங்கைச் செய்தது. கொரோனாக் காலத்தில் மேற்கு ஆஸ்திரேலியா தன் எல்லையை இறுக மூடிவைத்திருந்ததால், 2021 நவம்பரில் லண்டன் விமானத்தை டார்வின் வழியாக மாற்றினார்கள். 2022 மே மாதம்தான் அது பெர்த்துக்குத் திரும்பி வந்தது.

சரி, இடைநிற்காமல் போவது நல்லதா, நின்று போவது நல்லதா? என்னைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்வேன். நேரத்துக்குப் பணம் கொடுக்க முடிகிறவருக்கு இடைநிற்காத விமானம் நல்லது. பதினேழு மணி நேரம் ஒரே நாற்காலியில் காலை மடக்கிக்கொண்டு, இரத்தம் கட்டிக்கொள்ளுமோ என்று பயந்து, இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து நடக்கிற அறுபது வயதுக்காரருக்கு, நடுவில் நான்கு மணி நேரம் ஒரு நிலையத்தில் இறங்கி முகம் கழுவி, சூடாக ஒரு காபி குடிப்பது நஷ்டம் ஆகாது. இந்த மண்டபத்திலேயே பெர்த்தில் மகனோ மகளோ இருப்பவர்கள் இருக்கக்கூடும். நீங்கள் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும்போது சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோதான் பெரும்பாலும் மாறி ஏற வேண்டியிருக்கும். பெர்த் – லண்டன் நேர்கோடு உங்கள் மொட்டைமாடிக்குப் பக்கத்தில் போகிறது. பெர்த் போக நீங்கள் மட்டும் ஊர் மாறி ஊர் மாறிப் போகிறீர்கள். இதுவும் பூகோளம் செய்த வேலை இல்லை. கட்டணம் கொடுக்கிறவர் எண்ணிக்கை செய்த வேலை.

இனி குவாண்டாஸ் நிறுவனத்தார் சிட்னியிலிருந்தே லண்டனுக்கு ஒரே மூச்சில் பறக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். சுமார் 17,000 கிலோமீட்டர். அதற்காக 2022 மே மாதம் 12 ஏர்பஸ் ஏ350 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் 20,000 லிட்டர் கூடுதல் தொட்டி. திட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் சூரியோதயத் திட்டம். கொக்கலை ஏரிக்குப் பறந்துவந்த அந்த ஐந்து விமானங்களின் நினைவாக வைத்த பெயர் அது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள் வைத்து முடித்துக்கொள்கிறேன். உங்கள் பள்ளிகள் பலவற்றில் உலக உருண்டை இருக்கிறது. தலைமையாசிரியர் அறையில் பீரோவின் மேல், தூசி படிந்து இருக்கிறது. அதை இறக்கி வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளைகள் கையில் நூலைக் கொடுங்கள். திண்டுக்கல்லிலிருந்து அவரவருக்குப் பிடித்த ஓர் ஊருக்கு நூல் பிடித்து, வழியில் வரும் நாடுகளின் பெயரை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த நாடுகளில் எதன் வானம் இன்றைக்கு மூடியிருக்கிறது, ஏன் மூடியிருக்கிறது என்று செய்தித்தாளைப் பார்த்துப் பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு பாடவேளை போதும். புவியியலும் வரலாறும் ஒன்றாக நடந்துவிடும். இந்த வாரமே செய்யுங்கள்.